நூறு ஆண்டுக்கு வைக்க வேண்டிய டிஜிட்டல் ஆவணங்கள்: நாடு முதலில் எதைக் காக்க வேண்டும்?

அலமாரி எழுதியது:

கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறேன். டிஜிட்டல் ஆவணங்களைப் பேணுவது பற்றிய கருத்தரங்கு எதற்குப் போனாலும் பேச்சு ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறது: ஓலைச்சுவடியையும் பழைய நூல்களையும் ஸ்கேன் செய்ய வேண்டும், அதற்கு நிதி வேண்டும். தாராளமாகச் செய்யட்டும். ஆனால் ஸ்கேன் செய்து கிடைத்த கோப்பை ஐம்பது, நூறு ஆண்டு படிக்கக்கூடிய நிலையில் வைத்திருக்க நாட்டில் பொறுப்பாளி யார் என்று கேட்டால், சரியாக அந்த நேரத்தில் தேநீர் இடைவேளை வந்துவிடுகிறது.

என் வாதம் இதுதான். காகிதத்தைத் தொடாமல் கணினியிலேயே பிறந்தவை, அதிலும் ஒரே சர்வரில் ஒரே பிரதியாக இருப்பவை, தேசிய முன்னுரிமையில் முதலில் வரவேண்டும். அரசாணை, அரசிதழ், நிலப்பதிவு, தீர்ப்பு, ஆய்வேடுகளுக்குப் பின்னால் இருக்கும் தரவு, இணையத்தில் மட்டும் வெளியான எழுத்து. பனையோலையைச் சரியாகப் பேணினால் இருநூறு, முந்நூறு ஆண்டு தாங்கும். ஹார்ட் டிஸ்க்குக்குப் பத்து ஆண்டு உத்தரவாதம் கேட்டால் விற்பவரே சிரிப்பார்.

2025 செப்டம்பரில் தென்கொரியாவின் தேஜோன் நகரில் அரசுத் தரவு மையம் தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் தங்கள் கோப்புகளைப் போட்டு வைத்திருந்த 858 டெராபைட் சேமிப்பு அழிந்தது. வெளியில் வேறு பிரதி இல்லை. அளவு மிகப் பெரிது, எனவே பிரதி எடுக்க இயலவில்லை என்றார்கள். இத்தனைக்கும் அது தொழில்நுட்பத்தில் முன்னணியில் நிற்கும் நாடு.

நம் பக்கம் டிஜிட்டல் லைப்ரரி ஆஃப் இந்தியா இருக்கிறது. இலட்சக்கணக்கான நூல்களை ஸ்கேன் செய்தார்கள். தமிழ்த் தலைப்புகளை ஆங்கில எழுத்தில் கன்னாபின்னாவென்று பதிந்ததால் தேடிக் கண்டுபிடிப்பதே தனிக் கலையாக இருந்தது. பிறகு அந்தத் தளமே இயங்காமல் போனது. அதன் நூல்கள் இன்று பலருக்குக் கைக்கு எட்டுவது அமெரிக்காவில் உள்ள இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய நூலகம் வழியாக. தளம் உயிரோடு இருந்தபோதே தன்னார்வலர்கள் நகலெடுத்து வைத்தார்கள். பொதுப் பணத்தில் செய்த வேலை யாரோ சிலரின் பிடிவாதத்தால் பிழைத்தது. இதை நாட்டுக் கொள்கை என்று சொல்ல முடியுமா?

கணக்கப்பிள்ளை எழுதியது:

//ஒரே சர்வரில் ஒரே பிரதியாக இருப்பவை முதலில் வரவேண்டும்//

ஒரே பிரதி என்பதாலேயே ஒன்று அரிய பொருள் ஆகிவிடாது. என் அலுவலகக் கணினியில் ஒரே பிரதியாக இருக்கும் சுற்றறிக்கைகளை யாராவது அழித்தால் அவருக்கு மாலை போடுவேன். காகிதக் காலத்தில் கோப்புகளைக் கழித்துக்கட்ட ஒரு முறை இருந்தது. இத்தனை ஆண்டு வைத்திரு, பிறகு அழி என்று கோப்பின் மேலேயே எழுதினார்கள். கணினி வந்ததும் அந்தப் பழக்கம் போய்விட்டது.

அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தையே பாருங்கள். 2010இல் ட்விட்டரின் பொதுப்பதிவுகள் அனைத்தையும் வாங்கி வைக்கப்போவதாக அறிவித்தது. 2017 முடியும்போது, இனித் தேர்ந்தெடுத்தவற்றை மட்டுமே சேர்ப்போம் என்று இறங்கி வந்தது. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே மூச்சு வாங்கியது. எதை விடப்போகிறீர்கள் என்ற பட்டியலை முதலில் போடுங்கள், அலமாரி ஐயா. எதைக் காப்பது என்ற பட்டியலை எல்லாரும் போடுவார்கள்.

நாடாப்பெட்டி எழுதியது:

தரவு சேமிப்புத் தொழிலில் இருக்கிறேன். இரண்டு பேரும் அளவைப் பற்றியே பேசுகிறீர்கள். அளவு இதில் சின்னப் பிரச்சினை. டிஸ்க் வாங்குவது ஒருமுறைச் செலவு. எந்த அதிகாரியும் ஒப்புதல் தருவார், ரிப்பன் வெட்டலாம். ஆண்டுதோறும் அதைச் சோதிக்க ஆள் போடுங்கள் என்றால் கோப்பு திரும்பி வந்துவிடும்.

டேப்பை எடுத்துக்கொள்ளுங்கள். எல்டிஓ என்ற தரவு சேமிப்பு டேப் முப்பது ஆண்டு தாங்கும் என்பார்கள், இருக்கலாம். படிக்கும் கருவி? எல்டிஓ-7 வரை கருவிகள் இரண்டு தலைமுறை பழைய டேப்பைப் படித்தன. எல்டிஓ-8 வந்தபோது அது ஒரு தலைமுறையாகச் சுருங்கியது. அதில் எல்டிஓ-6 டேப்பைப் போட்டால் படிக்காது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எல்லாவற்றையும் புது டேப்புக்கு மாற்றியே தீர வேண்டும். மாற்றும்போது ஒரு பிட்டாவது பிசகியதா என்று பார்க்க, முதல் நாளே ஒவ்வொரு கோப்புக்கும் செக்சம் (உள்ளடக்கத்திலிருந்து பெறும் சரிபார்ப்பு எண்) கணக்கிட்டு வைத்திருக்க வேண்டும். இதைச் செய்யாத இடத்தில் கோப்பு இருக்கும், திறக்காது. எப்போது கெட்டது என்று யாருக்கும் தெரியாது.

மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறு ஊரில். தொழிலில் எல்லாருக்கும் மனப்பாடம். நான் பார்த்த ஓர் ஆவண நிறுவனத்தில் மூன்று பிரதியும் இருந்தன. மூன்றும் சென்னையில், ஒரே கட்டடத்தில், தரைத்தளத்தில். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகும்!

ஆகவே என் முன்னுரிமைப் பட்டியலில் ஒரே வரி: நிரந்தரப் பணியிடங்கள். திட்டக்கால ஊழியர்களை வைத்து நூறு ஆண்டு வேலை செய்ய முடியாது.

பழைய மடலாடி எழுதியது:

உங்கள் பட்டியல்கள் எல்லாவற்றிலும் அரசாங்கமே உட்கார்ந்திருக்கிறது. தமிழ் இணையத்தின் முதல் பத்து ஆண்டுகள் எங்கே போயின என்று ஒருவரும் கேட்கவில்லையே.

யாகூ மின்மடல் குழுமங்களில் தமிழில் எவ்வளவு எழுதினோம். அகத்தியர், மரத்தடி, ராயர் காப்பி கிளப் என்று எத்தனை குழுக்கள். மரபுக் கவிதைக்கு உரை, சிறுகதை, சண்டை, சமாதானம், ஈழத்திலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் கனடாவிலிருந்தும் ஒரே இழையில் மடல்கள். 2019 இறுதியில், பழைய மடல்களை அழிக்கப்போகிறோம், வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள்; 2020 டிசம்பரில் கடையையே மூடிவிட்டார்கள். யார் எதை எடுத்து வைத்தார்கள் என்பது அவரவர் ஹார்ட் டிஸ்க்குக்கே வெளிச்சம். அதற்கும் முன்பு, 2009இல், இலவசமாக இணையப் பக்கம் வைக்க இடம் தந்த ஜியோசிட்டீஸ் போனபோது தமிழர்களின் முதல் சொந்தப் பக்கங்கள் பலவும் அதோடு போயின.

எடுத்து வைத்தவர்களுக்கும் தலைவலி தீரவில்லை. அப்போது ஆளுக்கு ஓர் எழுத்துரு. மயிலை, திஸ்கி, டாம், டாப், இலங்கைப் பக்கம் பாமினி. நாளேடுகள் ஒவ்வொன்றும் தன் எழுத்துருவைத் தரவிறக்கினால்தான் படிக்கவே விட்டன. அந்தப் பக்கத்தை இன்று திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரிகிறது. எந்த எழுத்துரு என்று தெரிந்தால் எழுத்துரு மாற்றியில் போட்டு மீட்கலாம். தெரியாவிட்டால் ஊகம்தான். தமிழ்நாட்டு அரசு 1999இல் டாம், டாப் என்று தரம் வகுத்தது. 2010இல், எல்லா மொழிக்கும் பொதுத் தரமான யூனிகோடுக்கு வந்தது. நடுவில் அலுவலகங்களில் தட்டச்சிட்ட கோப்புகளை எல்லாம் மாற்றிவிட்டார்களா? அலமாரி அவர்கள் அரசாவணம் முதலில் என்கிறாரே, அவருக்கே இந்தக் கேள்வி.

ஒழுங்காகச் செய்தவர்களும் உண்டு. தமிழ் இலக்கியங்களை இணையத்தில் ஏற்றும் மதுரைத் திட்டம் 1998இல் தொடங்கியது. மயிலை எழுத்துருவில் ஏற்றினார்கள், திஸ்கிக்கு மாற்றினார்கள், பிறகு யூனிகோடுக்கு மாற்றினார்கள். சம்பளம் வாங்காத தொண்டர்கள். நாடாப்பெட்டி சொல்லும் ‘மாற்றியே தீர வேண்டும்’ என்பதை அவர்கள் யாரும் சொல்லாமலே செய்தார்கள்.

ஏடுபிரிப்பவன் எழுதியது:

//பனையோலை இருநூறு, முந்நூறு ஆண்டு தாங்கும்//

சுவடி வைத்திருக்கும் வீடுகளுக்குப் போயிருக்கிறீர்களா? எண்ணெய் பூசுவதை விட்டு இரண்டு தலைமுறை ஆகிறது. கரையானுக்கும் இராமபாணப் பூச்சிக்கும் உங்கள் முன்னுரிமைப் பட்டியல் தெரியாது. இப்போது படம் எடுக்காவிட்டால் பிறகு எடுக்க ஒன்றும் இருக்காது. இவ்வளவுதான் சொல்ல வந்தேன். அரசாங்கச் சுற்றறிக்கைக்காகச் சுவடியைக் காத்திருக்கச் சொல்வது அநியாயம்.

வழக்குரை எழுதியது:

பணம், ஆள், எழுத்துரு எல்லாம் இருக்கட்டும். ஒரு நூலகம் இணையத்தில் வெளியான ஒரு பக்கத்தை நகலெடுத்து வைத்துக்கொள்ள இந்தியச் சட்டத்தில் இடம் இருக்கிறதா என்று பார்த்தீர்களா?

நூல் வழங்கல் சட்டம் 1954ஆம் ஆண்டினது. நூல் வெளியிடுபவர் முப்பது நாளுக்குள் கொல்கத்தாவின் தேசிய நூலகத்துக்கும், சென்னை கன்னிமரா உட்பட வேறு மூன்று நூலகங்களுக்கும் தம் செலவில் பிரதி அனுப்ப வேண்டும். 1956இல் செய்தித்தாளையும் பருவ இதழையும் சேர்த்தார்கள். அத்தோடு சரி. மின்னூலும் இணைய இதழும் அதன் கண்ணில் படவே இல்லை. அனுப்பாதவருக்கு அபராதம் ஐம்பது ரூபாய் வரை, கூடவே நூலின் விலை. எழுத்துப்பிழை இல்லை, ஐம்பதுதான்.

பதிப்புரிமைச் சட்டம் இன்னும் வேடிக்கை. 2012 திருத்தத்தில் நல்ல எண்ணத்தோடு ஒரு விலக்கு சேர்த்தார்கள், 52(1)(என்). இலாப நோக்கற்ற பொது நூலகம் ஒரு படைப்பைப் பாதுகாப்பதற்காக மின்னணு முறையில் சேமிக்கலாம். ஆனால் அந்தப் படைப்பின் டிஜிட்டல் அல்லாத பிரதி ஒன்று ஏற்கெனவே அந்த நூலகத்திடம் இருக்க வேண்டும்! காகிதம் இருந்தால் ஸ்கேன் செய்யலாம். காகிதமே இல்லாத படைப்புக்கு இந்த விலக்கு உதவாது. ஸ்கேன், ஸ்கேன் என்று அலமாரி புலம்புகிறாரே, சட்டமும் அதே மனநிலையில்தான் எழுதப்பட்டிருக்கிறது.

அரசாவணத்துக்கு வருவோம். பொது ஆவணச் சட்டம் 1993, கணினியில் உருவானதையும் ஆவணம் என்றே சொல்கிறது. அந்த வகையில் பாராட்டலாம். ஆனால் அது மத்திய அரசு, யூனியன் பிரதேசங்கள், அவற்றின் நிறுவனங்கள் ஆகியவற்றுக்கே. இருபத்தைந்து ஆண்டு கடந்த ஆவணங்களைத் தேசிய ஆவணக் காப்பகத்தோடு கலந்து மறுஆய்வு செய்ய வேண்டும் என்கிறது. காகிதக் கட்டு இருபத்தைந்து ஆண்டு பீரோவில் தூங்கலாம். சர்வர் தூங்கினால் எழுப்ப முடியாது. (அதே சட்டத்தில் 1892க்கு முந்தைய ஆவணத்தை அழிக்கக் கூடாது என்றும் ஒரு பிரிவு உண்டு. அந்தக் காலத்து ஆவணம் பாதுகாப்பாக இருக்கிறது. 2002இல் உருவானது எங்கே என்று கேட்காதீர்கள்.)

பிரிட்டனில் 2003இல் சட்டம், 2013இல் விதிகள் வந்தன. அதன் பிறகு சட்டப்படி பிரதி பெறும் ஆறு நூலகங்களும் பிரிட்டன் இணையத்தளங்களை யாரிடமும் தனித்தனியாக அனுமதி கேட்காமலே சேகரிக்கின்றன. டென்மார்க் 2005லேயே தொடங்கியது; டேனிஷ் மக்களுக்காக எழுதப்பட்டது எந்த நாட்டு முகவரியில் இருந்தாலும் சேகரிக்கலாம். என்னைக் கேட்டால் முன்னுரிமை ஒன்று: 1954 சட்டத்தில் ஒரு திருத்தம். மற்றதெல்லாம் பிறகு.

சுன்னாகத்தான் எழுதியது:

இந்த இழையில் ‘தேசிய’ என்ற சொல் எத்தனை முறை வருகிறது என்று பார்த்துக்கொண்டே வந்தேன். மடலாடி அக்கா சொன்ன குழுமங்களில் எழுதியவர்களில் நாங்களும் இருந்தோம். அந்த மடல்கள் எந்த நாட்டுத் தேசியச் சொத்து? டெல்லியில் சட்டம் திருத்தினால் ரொறன்ரோவிலிருந்து எழுதியவரின் வலைப்பதிவைச் சேகரிப்பார்களா? கொழும்பு செய்யுமா?

நூலகம் என்றதும் எங்கள் ஆட்கள் 1981க்குப் போய்விடுவார்கள். யாழ் நூலகம் எரிந்ததை மறக்க நான் சொல்லவில்லை. ஆனால் 2023 ஓகஸ்டில் இலங்கை அரச மேகக்கணினி, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் தாக்குதலுக்கு உள்ளானபோது, மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரை அரச மின்னஞ்சல்களில் இருந்தவை போய்விட்டன. ஏறத்தாழ 5,000 முகவரிகள், அமைச்சரவை அலுவலகம் உட்பட. அந்தக் காலத்து மடல்களுக்குத் தனியாக எடுத்து வைத்த காப்புப்பிரதி இல்லை. 1981க்கு நூறு கவிதை இருக்கிறது. இதற்கு ஒரு வரியும் இல்லை. நாடு திவாலாகித் தள்ளாடிய காலத்தில் அமைச்சரவை எழுதிய கடிதங்கள் அவை. நாளை வரலாறு எழுதுகிறவர் எதைப் பார்ப்பார்?

எங்களில் நூலகம் திட்டம் 2005இல் தொடங்கி, நூல், இதழ், பத்திரிகை, பிரசுரம் என்று எண்ணிமமாக்கி வருகிறது. அதில் எனக்குப் பிடித்தது, கோயில் திருவிழா மலரையும் பாடசாலை ஆண்டு மலரையும் ஒதுக்காமல் சேர்த்தது. எந்த நிபுணர் குழுவும் அதை முன்னுரிமை என்று எழுதியிருக்காது. போரில் இடம்பெயர்ந்த ஊருக்கு அந்த மலர்தான் பல இடங்களில் எஞ்சிய சாட்சி.

பழைய மடலாடி எழுதியது:

சுன்னாகத்தான் தம்பி சொன்னதையே நானும் சொல்ல நினைத்தேன். குழு போட்டுத் தேர்ந்தெடுத்தால் மரத்தடி தேறியிருக்குமா? வெட்டிப் பேச்சு என்று தள்ளியிருப்பார்கள்.

கணக்கப்பிள்ளை எழுதியது:

வெட்டிப் பேச்சும் இருந்தது, அம்மா. நானும் அந்தக் குழுமங்களில் இருந்தவன்தான்.

அலமாரி எழுதியது:

ஒவ்வொருவருக்காக வருகிறேன். ஏடுபிரிப்பவன் கோபத்தில் நியாயம் இருக்கிறது, ஆனால் அவர் படம் எடுத்த சுவடி இன்று எங்கே இருக்கிறது என்று கேட்கிறேன். டிவிடியிலா? அந்த டிவிடியை இன்னொருவர் எடுத்து வைத்திருக்கிறாரா? சுவடியைப் படம் எடுத்த நிமிடத்திலிருந்து அதுவும் என் பட்டியலில் சேர்ந்துவிடுகிறது. ஓலையைக் கரையான் தின்றுவிட்டால் படம்தான் ஒரே பிரதி. ஆகவே சுவடியை நான் பின்னுக்குத் தள்ளவில்லை. படம் எடுக்க நிதி தரும்போதே, அந்தப் படத்தை இருபது ஆண்டு பராமரிக்கும் செலவையும் அதே உத்தரவில் எழுது என்கிறேன். எழுதாத திட்டத்துக்கு நிதி தராதே என்றும் சொல்வேன். கடுமையாகத் தெரியலாம். டிஜிட்டல் லைப்ரரி ஆஃப் இந்தியாவுக்குப் பிறகு கடுமையாக இல்லாமல் இருக்க முடியவில்லை.

கணக்கப்பிள்ளை கேட்ட விடுபடும் பட்டியல். துணிந்து போடுகிறேன். அலுவலக உள்மடல்களில் கொள்கை முடிவு எடுக்கும் பதவிகளுடையதை மட்டும் வைக்கலாம், மற்றவை காலக்கெடு முடிந்ததும் போகலாம். அரசு நிகழ்ச்சிகளின் காணொளியில் அமைச்சர் குத்துவிளக்கு ஏற்றுவது எத்தனை கோணத்தில் வேண்டும்? ஒன்று போதும். தேசிய நூலகத்தில் ஏற்கெனவே நல்ல நிலையில் அச்சுப்பிரதி இருக்கும், பல பிரதிகள் கிடைக்கும் நூல்களை மறுபடி மறுபடி ஸ்கேன் செய்வதை நிறுத்தலாம். ஒரே நூலை எத்தனை நிறுவனங்கள் தனித்தனியாக ஸ்கேன் செய்திருக்கின்றன என்று பாருங்கள். இதில் மிச்சமாகும் பணமே நாடாப்பெட்டி கேட்கும் பணியிடங்களுக்கு ஒரு தொடக்கமாக இருக்கும்.

அமெரிக்காவில் டிஜிட்டல் ஆவணங்களைப் பேணுவதற்காக 2010இல் உருவான தேசியக் கூட்டமைப்பு 2014க்கு ஒரு செயல்திட்டம் வெளியிட்டது. மின்னணு ஆவணம், ஆய்வுத் தரவு, இணையமும் சமூக ஊடகமும், அசையும் படமும் ஒலிப்பதிவும் என நான்கைப் பிரித்து எடுத்தார்கள். எனக்கு அதில் பிடித்தது, அந்த நான்கும் பெரும்பாலும் பழைய நூலக அலமாரிக்குள் அடங்காதவை என்பது. நம் பல்கலைக்கழக மானியக் குழு 2009 விதியில் ஆய்வேட்டை மின்வடிவில் தரச் சொன்னது, சோத்கங்கா என்ற ஆய்வேட்டு இணையக் களஞ்சியத்தில் சேர்கிறது, நல்லது. அந்த ஆய்வுக்காகச் சேர்த்த களப்பதிவு ஒலிகள்? நாட்டுப்புறப் பாடல் சேகரிக்கப் போன மாணவரின் பதிவுகள் அவருடைய பழைய கைப்பேசியோடு போகின்றன. பாடிய பாட்டி இப்போது இல்லை.

குழுமங்களைப் பற்றி: மடலாடி அம்மா சொல்வதால்தான் டென்மார்க் முறை எனக்குச் சரியாகப் படுகிறது. தேர்வுக் குழுவை நம்பாமல் ஆண்டுக்குச் சில முறை மொத்தமாக வலை வீசிவிடுவது, நுணுக்கமான தேர்வை அதன் மேல் செய்வது. தமிழில் எழுதப்பட்டது என்பதே அளவுகோலாக இருந்தால் ரொறன்ரோவும் வலையில் விழும்.

சுன்னாகத்தான் எழுதியது:

வலை வீசட்டும், அண்ணா. ஆனால் விழுந்த மீன் எல்லாம் ஒரே அரசின் கையில் இருப்பதில் எனக்குப் பயம் இருக்கிறது. எங்கள் பக்கத்து எழுத்தில் பாதி எந்த அரசுக்கும் பிடிக்காதது. பிரதி ஒன்று அரசுக்கு வெளியேயும் இருக்க வேண்டும் என்பதைச் சட்டத்திலேயே எழுத வேண்டும்.

நாடாப்பெட்டி எழுதியது:

தொழில்நுட்பக் காரணத்துக்காகவும் இதை ஆதரிக்கிறேன். 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகம் இணையத் தாக்குதலில் முடங்கியபோது பிரிட்டன் இணையக் காப்பகமும் நெடுநாள் பார்க்கக் கிடைக்கவில்லை. சட்டம், பணம், ஆள் மூன்றும் இருந்த இடம் அது.

இன்னொன்று, யாரும் தொடவில்லை. இணையத்தில் எடுக்கும் அரசுச் சான்றிதழ் பிடிஎஃப்பில் டிஜிட்டல் கையொப்பம் இருக்கிறது, பக்கத்தில், சரிபார்க்க முடியவில்லை என்று காட்டும் மஞ்சள் கேள்விக்குறியும் இருக்கிறது. இன்றைக்கே அந்தக் கதி. கையொப்பச் சான்றிதழ் சில ஆண்டுகளில் காலாவதியாகும். முப்பது ஆண்டு கழித்து ஒரு நில வழக்கில் அந்தப் பட்டாவை நீட்டினால், அது அன்று செல்லுபடியானது என்பதற்கு என்ன சான்று? கையொப்பமிட்ட நேரத்தின் சரிபார்ப்பு விவரங்களையும் கோப்போடு சேர்த்து வைத்தால் வழி உண்டு. வைக்கிறார்களா?

வழக்குரை எழுதியது:

தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 7. மின்னணு வடிவில் ஆவணத்தை வைத்திருப்பவர், பிற்காலத்தில் எடுத்துப் பார்க்கக்கூடிய நிலையில் வைத்திருக்க வேண்டும். எங்கிருந்து, யாருக்கு, எந்த நாள் நேரத்தில் என்ற விவரமும் இருக்க வேண்டும். அந்த ‘பிற்காலம்’ எவ்வளவு என்று எழுதவில்லை. நாடாப்பெட்டி கேட்ட சரிபார்ப்பு விவரத்தை இதற்கான விதிகளிலேயே கொண்டுவந்துவிடலாம், புதுச் சட்டம் தேவையில்லை.

1954 சட்டத்துக்கும் 52(1)(என்)க்கும் திருத்த வரைவு எழுதத் தொடங்கியிருக்கிறேன். வழங்கல் கடமை வெளியிடுபவர் மேல் இருக்க வேண்டுமா, சேகரிக்கும் கடமை நூலகத்தின் மேல் இருக்க வேண்டுமா என்பதுதான் இடிக்கிறது. தனியாக வலைப்பதிவு எழுதும் ஒருவரைப் பிரதி அனுப்பச் சொல்லி அபராதம் போட முடியாது. ஆகவே நூலகத்தின் மேல் வைத்திருக்கிறேன். ஏதேனும் ஒரு பிரதி அரசு சாராத நிறுவனத்திடமும் இருக்க வேண்டும் என்பதையும் சேர்க்கிறேன். அதை எந்த அமைச்சகமும் விரும்பாது.

கணக்கப்பிள்ளை எழுதியது:

கடமையை நூலகத்தின் மேல் வைத்தால், செய்யாவிட்டால் நூலகத்துக்கு என்ன தண்டனை? இல்லையென்றால் அது வெறும் ஆசைதான். மற்றபடி, வைத்திருக்கும் செலவை நிதி உத்தரவிலேயே எழுது என்று அலமாரி சொன்னதை மட்டும் நான் முழுதாக ஒப்புக்கொள்கிறேன். அதைத் தனி மனுவாகவே அனுப்பலாம்.

சுன்னாகத்தான் எழுதியது:

வரைவு முடிந்ததும் இங்கே போடுங்கள், வழக்குரை. எங்கள் அச்சிடுவோர், வெளியிடுவோர் கட்டளைச் சட்டம் 1885ஆம் ஆண்டினது. அது பிரதி கேட்பது அச்சகக்காரரிடம். அச்சகமே இல்லாத இதழுக்கு யாரிடம் போய்க் கேட்பது என்று இங்கேயும் சிலர் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு அனுப்பி வைக்கிறேன்.